வாலில் ஒட்டாத டேப்

கிளெனிஸ் மீபஸைப் பற்றி நான் இதுவரை புறம் பேசியதெல்லாம் அவள் செய்து கொடுத்த பற்களின் வழியாகத்தான் வெளியே வந்தது. எங்கள் ஊர் யாரம்பூலில் பாதிப் பேருக்கு அதே கதிதான். செயற்கைப் பல் கட்ட அவளை விட்டால் எண்பது கிலோமீட்டர் வண்டி ஓட்ட வேண்டும். என் மேல்வரிசை முழுக்க அவள் கைவேலை. வண்டியின் பின்கதவுச் சங்கிலி அறுந்து என் வாயில் அடித்த வருஷம் வைத்துவிட்டாள். ஆப்பிள் கடிக்கலாம், விசில்கூட அடிக்கலாம். குறை சொல்ல ஒன்றுமில்லை. அவளிடம் எனக்குப் பிடிக்காததே அதுதான். குறை சொல்ல இடம் வைக்க மாட்டாள்.

என் பெயர் மெர்வ் பாஸ்கோ. ரயிலடியில் இருக்கும் சைலோவில், கோதுமை கொட்டி வைக்கிற உயரக் கோபுரத்தில், லாரிகளுக்கு எடை போடுகிறேன். இருபது வருஷத்துக்கும் மேலாக ஒரு விமானம் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரே ஆள் உட்காரும் சின்ன விமானம். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு அடுக்கு இறக்கை. குட்டிக்கரணம் போடவும் தலைகீழாகப் போகவும் என்றே வரையப்பட்டது. வரைபடத்தை மட்டும் வாங்கிக்கொண்டு குழாயை நாமே அறுத்து, நாமே பற்றவைத்து, இறக்கைக்கு மரம் இழைத்து, துணி போர்த்தி முடிக்க வேண்டும். வரைபடம் எனக்குத் தபாலில் வந்தது தொண்ணூற்றொன்றில். அதே வரைபடம் கிளெனிஸுக்கு வந்தது இரண்டாயிரத்து நான்கில். எங்கள் ஊர் பறப்புச் சங்கத்தின் பெரிய தகரக் கொட்டகையில் இந்தப் பாதி என்னுடையது, அந்தப் பாதி அவளுடையது. நடுவில் ஒரு சுண்ணாம்புக் கோடு. யார் முதலில் பறந்தார்கள் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

சங்கத் தலைவன் கெல்வின் ஆட்ரிட்ஜ், வயல்களுக்கு மருந்து தெளிக்கிற விமானி. பெரிய வாய்க்காரன். என் விமானத்துக்குப் பதினெட்டு வயது நிறைந்த அன்று எல்லார் முன்னாலும் சொன்னான்: "டேய் மெர்வ், ஒன் ப்ளேனுக்கு ஓட்டுப் போடற வயசு வந்திருச்சு. வர்ற தேர்தல்ல அது போய் ஓட்டுப் போடலைன்னா அபராதம் ஒனக்குத்தான் வரும்." எங்கள் நாட்டில் ஓட்டுப் போடாதவனுக்கு அபராதம் உண்டு, எல்லாரும் சிரித்தார்கள். கிளெனிஸ் சிரிக்கவில்லை. அதுவும் எனக்குக் கோபம்தான். சிரித்திருந்தால் திட்டவாவது செய்திருப்பேன்.

அவளை இதில் இழுத்துவிட்டதே நான்தான். உடைந்த பல்வரிசையை ஒட்டித் திருப்பிக் கொடுக்கக் கொட்டகைக்கு வந்தவள், என் விமானத்தின் எலும்புக்கூட்டைப் பார்த்து நின்றுவிட்டாள். பல்லைக் கையில் வைத்துக்கொண்டே நான் இரண்டு மணி நேரம் பேசினேன். எதிலே எந்தக் குழாய், எந்தப் பசை, எந்த மரம் என்று அளந்து தள்ளினேன். அவள் கேட்டது ஒரே கேள்வி: "இந்த விலா எலும்பு மொத்தம் எத்தன வேணும்?" இறக்கைக்குள் இருக்கும் குறுக்குச் சட்டங்களை நாங்கள் விலா என்போம்.

அப்போது அவள் கணவன் ரெக்ஸ் மேற்கே சுரங்க வேலைக்குப் போய், அங்கேயே வேறு ஒருத்தியோடு தங்கிவிட்டிருந்தான். ஊரே அவளுக்கு சமைத்த பண்டமும் ஆறுதலும் கொண்டுபோய்க் கொடுத்தது. அவள் பாத்திரங்களைக் கழுவி அவரவர் பெயர்ச்சீட்டோடு திருப்பினாள். பிறகு ரெக்ஸ் கார் நிறுத்துகிற அறையைக் கூட்டித் துடைத்து, நீளமான மேசை போட்டு, என்னிடம் வந்து விலா ஒட்டும் அச்சுப் பலகையைக் கடன் கேட்டாள். நானும் பெருந்தன்மையாகக் கொடுத்தேன். பொம்பளைக்கு மூன்று விலா ஒட்டினால் அலுத்துவிடும் என்று நினைத்தேன், வேறென்ன.

பதினோரு வாரத்தில் பலகை திரும்பி வந்தது. விலா எல்லாம் முடித்திருந்தாள். பலகையைச் சுரண்டிச் சுத்தம் செய்திருந்தாள். அது போதாதென்று, நான் மயிரிழை தப்பாக அடித்திருந்த இரண்டு ஆணிகளைப் பிடுங்கிச் சரியான இடத்தில் அடித்திருந்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தத் தப்பு ஆணிகளை வைத்து நான் ஏற்கெனவே நாற்பது விலா ஒட்டியிருந்தேன். அத்தனையையும் உடைத்து மறுபடி ஒட்ட எனக்கு ஒன்றரை வருஷம் ஆனது.

அங்கே ஆரம்பித்தது வயிற்றெரிச்சல். மறைக்க ஒன்றுமில்லை. அவள் காரை நிறுத்திவிட்டு இறங்கும்போதே எனக்குள் என்னவோ சுருக்கென்று குத்தும். இன்று என்ன முடித்தாளோ என்று கண் தானாகக் கோட்டுக்கு அந்தப் பக்கம் போகும். பல் வேலைக்கான சின்னக் கண்ணாடியை இறக்கைக்குள் நுழைத்து மூட்டுகளைப் பார்ப்பாள். பல் இழைக்கிற அரத்தால் உலோகப் பிடிகளை இழைப்பாள். இறக்கையைத் துணியால் போர்த்தும் வேலை வந்தபோது, ஊசியை மேலேயிருந்து ஒருத்தர் குத்த, கீழேயிருந்து ஒருத்தர் வாங்கித் திருப்பிக் குத்த வேண்டும். அதற்கு யார் போனது தெரியுமா? ஹெதர். என் மனைவி. ஆறு சனிக்கிழமை அவள் இறக்கைக்கு அடியில் உட்கார்ந்து ஊசி வாங்கிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து முடிச்சுப் போடுகிற விதத்தை எனக்குச் செய்து காட்டினாள். என் இறக்கைக்கு அவள் ஒரு நாளும் ஊசி பிடித்ததில்லை. நான் கேட்டதில்லை என்பது வேறு விஷயம்.

ஏன் என்னுடையது முடியவில்லை என்று ஊரில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். எதையும் மூன்று தடவை பிரித்துக் கட்டுவான், அவ்வளவு சுத்தம் பார்ப்பான் என்பார்கள். நானும் அதையே சொல்லிக்கொள்வேன். உண்மை வேறு. முடித்துவிட்டால் ஏறிப் பறக்க வேண்டும். ஒற்றை ஆசனம். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க ஆள் கிடையாது. முதல் தடவையே தனியாகத்தான். எனக்கு அது பயம். அவள் மாதம் இரண்டு தடவை பெரிய விமானத் திடலுக்குப் போய், இரண்டு பேர் உட்காரும் பயிற்சி விமானத்தில் தலைகீழாகத் தொங்கிக் கற்றுக்கொண்டாள். சட்டையில் வாந்திக் கறையோடு திரும்பி வந்து, ஹெதரிடம் சிரித்துச் சிரித்துச் சொல்வாள். பயப்படுகிறவனுக்குப் பயப்படாதவளைப் பார்த்தால் வருவதைப் பொறாமை என்று சொன்னால் போதாது. ஆனால் அதைவிடப் பெரிய வார்த்தை என்னிடம் இல்லை.

ஏழு வருஷத்தில் முடித்துவிட்டாள். சிவப்பும் பால் வெள்ளையும். அந்த அக்டோபரில் சுற்றிலும் கடுகுப்பூ மஞ்சளாகக் கிடந்தபோது, கொட்டகை வாசலில் அதைத் தள்ளி நிறுத்தினாள். நான் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று, ஒரு குழாயை ஏற்கெனவே துடைத்த இடத்திலேயே துடைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. புது விமானம் முதலில் பறப்பதற்கு ஒரு வாரம் முன்னால் டேப் நாள். சங்கத்து ஆட்கள் எல்லாரும் ஆளுக்கொரு நீல ஒட்டுநாடாச் சுருளும் பேனாவுமாக வந்து விமானத்தை மேய்வார்கள். எங்கே பழுது தெரிகிறதோ அங்கே ஒரு துண்டு டேப் கிழித்து, தன் பெயரெழுத்தை எழுதி ஒட்ட வேண்டும். வாய் திறக்கக் கூடாது. கட்டினவர் பக்கத்தில் நிற்கக் கூடாது. எல்லாரும் போன பிறகு கட்டினவர் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சரிசெய்வார். சரிசெய்த பிறகுதான் அந்த டேப்பைப் பிய்க்கலாம், அதுவும் பழுது யாருடையதோ அவர் கையால்தான். சான்றிதழ் கொடுக்கிறவர்கள் முன்பே வந்து பார்த்துக் காகிதம் கொடுத்திருப்பார்கள். அதெல்லாம் ஒரு பக்கம். எங்களுக்கு டேப் நாள்தான் பெரிது.

அந்தச் சனிக்கிழமை கிளெனிஸ் என்னிடம் தானாக வந்து, "நீதான் மொதல்ல பாக்கணும் மெர்வ்" என்றாள். எனக்கு உள்ளூரக் குளிர்ந்தது. பிறகு தன் பல் கண்ணாடியையும் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டாள். மரத்தடியில் கெல்வின் அடுப்பு மூட்டிச் சாசேஜ் வாட்டிக்கொண்டிருந்தான். வெங்காயம் கருகுகிற வாசனை கொட்டகைக்குள் வந்தது.

நான் மேய்ந்தேன். ஐயோ, எப்படி மேய்ந்தேன்! எஞ்சின் பக்கம் ஒன்பது டேப். சக்கரத்தில் நான்கு. இறக்கைகளில் பதினைந்து. ஆசனத்துக்கு அடியில் தலைகீழாகப் புகுந்து மூன்று. அதில், ஒரு திருகாணியின் தலை கோணலாக நிற்கிறது என்று ஒன்று. வண்ணத்தில் ஈ ஒட்டிக் காய்ந்திருக்கிறது என்று ஒன்று. வெட்கமில்லாமல் ஒட்டினேன். ஒவ்வொரு துண்டு கிழிக்கும்போதும் மனசு கொஞ்சம் ஆறியது. மற்ற எல்லாரும் சேர்ந்து ஒட்டியது பதினொன்று. நான் மட்டும் முப்பத்தொன்று. அதில் உண்மையான பழுது இரண்டுகூட இருக்காது.

கடைசியாக வால். வாலில் மேலும் கீழும் அசைகிற பெரிய தட்டு ஒன்று உண்டு. அது உயர்ந்தால் மூக்கு உயரும், தாழ்ந்தால் மூக்கு தாழும். அந்தத் தட்டின் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குட்டித் தகடு. விமானியின் இடது கைப் பக்கம் இருக்கும் சின்ன லீவரால் அதை ஆட்டலாம். மூக்கு லீவர் என்போம். மூக்கு மேலே மேலே இழுக்கிறது, கை வலிக்கிறது என்றால் லீவரை முன்னால் தள்ளினால் இழுப்பு நின்றுவிடும். இதில் ஒரு ஏமாற்று உண்டு. குட்டித் தகடு கீழே போனால் காற்று அதை மேலே தள்ளும். அது பெரிய தட்டையும் சேர்த்து உயர்த்தும். மூக்கு ஏறும். ஆகவே மூக்கு தாழ வேண்டுமானால் குட்டித் தகடு மேலே போக வேண்டும். லீவர் முன்னால், தகடு மேலே. பார்க்கிற கண்ணுக்கு இது தப்பாகத்தான் தெரியும்.

கெல்வின் கை துடைத்துக்கொண்டு வந்து ஆசனத்தில் ஏறினான். நான் வாலருகே நின்றேன். லீவரைத் தள்ளுவதை மட்டும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், முன்னால் இருப்பவனுக்கு வால் தெரியாதே.

"முன்னால தள்ளுறேன். எறங்குதா?"

மூக்கு தாழத் தள்ளினால் தகடும் தாழ வேண்டும் என்பது அவன் நினைப்பு. தகடு இறங்கியது. வழவழவென்று, அழகாக, தப்பான பக்கம்.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஊரில் வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. ஏனென்றால் ஒன்பது வருஷம் முன்னால் நானும் அதே தப்பைச் செய்தேன். உடற்பகுதி மேசைமேல் தலைகீழாகக் கிடக்கும்போது தகட்டை இழுக்கிற சின்ன இரும்புக் கையை மாட்டினால், நிமிர்த்தின பிறகு அது எதிர்ப்பக்கம் இழுக்கும். நான் கண்டுபிடித்து, வெட்கப்பட்டு, யாருக்கும் சொல்லாமல் அறுத்து மறுபடி பற்றவைத்தேன். இவள் சான்றிதழ் வந்த பிறகு வாலுக்கு இன்னொரு பூச்சு வேண்டும் என்று பகுதியைக் கழற்றித் திருப்பிப் போட்டாளே, அப்போது மாட்டியிருக்கிறாள். முதல் பறத்தலில் முழு வேகத்தோடு மேலே ஏறும்போது மூக்கு எப்படியும் இழுக்கும். லீவரை முன்னால் தள்ளுவாள். இன்னும் இழுக்கும். இன்னும் தள்ளுவாள். சைலோவுக்கு மேலே, வேகம் செத்து, பனைமர உயரத்தில். அதற்கு மேல் நினைக்கத் தேவையில்லை.

"எறங்குதாடா?" என்று கெல்வின் மறுபடி கேட்டான்.

"எறங்குது" என்றேன்.

பொய்யில்லை. இறங்கத்தான் செய்தது. கெல்வின் "சரி" என்று குதித்து இறங்கிச் சாசேஜைப் பார்க்கப் போனான். என் கையில் டேப் சுருள் இருந்தது. கிழிக்கவில்லை. கடைசியில் ஒரு தப்பு, ஒரு நிஜமான தப்பு, அவள் செய்திருக்கிறாள் என்கிற சந்தோஷம் எனக்கு. கொஞ்ச நேரம் அதை நான் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. ஒரு வாரம் இருக்கிறதே. நாளைக்குச் சொன்னால் போகிறது. அப்படித்தான் ரொட்டியில் சாசேஜ் சுருட்டித் தின்றுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

ஞாயிறு போனது. திங்கள் சைலோவில் எடை போட்டேன். செவ்வாய் இரவு ஹெதர், ஏன் புரண்டுகொண்டே கிடக்கிறாய் என்று கேட்டாள். பல் உறுத்துகிறது என்றேன். அந்த வாயால் சொன்னதற்குத் தண்டனையாக அவள் மறுநாளே எனக்கு நேரம் குறித்து வாங்கிவிட்டாள், கிளெனிஸிடம்.

புதன்கிழமை அவள் நாற்காலியில் மல்லாந்து கிடந்தேன். பல்வரிசை எங்கே உறுத்துகிறது என்று கண்டுபிடிக்க அவளிடம் ஒரு வெள்ளைப் பசை உண்டு. பல்வரிசையின் உட்பக்கம் முழுக்கத் தடவி, வாயில் வைத்து அழுத்தி எடுப்பாள். பிறகு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். அவள் இரண்டு விரல்களும் என் வாய்க்குள் இருந்தன.

"எங்க உறுத்துது?"

"ஆ" என்றேன்.

"நீதான் சொல்லணும் மெர்வ். உறுத்துற எடத்த நீ சொன்னாத்தான் எனக்குத் தெரியும்."

விரலை எடுத்தாள். எடுத்த பிறகும் காத்திருந்தாள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். உள்ளே பல் இல்லை, அது அவள் கையில் இருந்தது. பொக்கை வாயோடு அவள் முன்னால் போய் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. எல்லாம் சரியாக இருக்கிறது என்று தலையசைத்தேன். அவள் பிறகு பல்வரிசையைக் கழுவிக் கொடுத்து, "சனிக்கிழம காலைல எட்டு மணிக்கு. காத்து வர்றதுக்கு முன்னாடி" என்றாள்.

வெள்ளிக்கிழமை மதியம் வரை தாங்கினேன். அதற்கு மேல் முடியவில்லை. எடைமேடையில் நிற்கிற லாரியைக் கூட்டாளியிடம் விட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். கொட்டகைக்கு வெளியிலேயே டேப் கிழித்து, எம்.பி. என்று என் எழுத்தை எழுதிக் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டேன். அவள் இருக்க மாட்டாள், ஒட்டிவிட்டு ஓடிவிடலாம் என்பது கணக்கு. வேலி மேலிருந்த மாக்பை என்கிற கருப்பு வெள்ளைப் பறவை ஒன்று முட்டைக்குக் காவல் காக்கிற வெறியில் என் மண்டையில் ஒரு கொத்து கொத்தியது. தகும் என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனேன்.

அவள் காலிப் பால் கிரேட் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு வாலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒட்ட வந்தியா?"

"ஆமா."

"எங்க?"

கட்டைவிரலால் காட்டினேன்.

"அத செவ்வாக்கிழமயே மாத்திட்டேன்" என்றாள்.

என் பக்கத்துச் சுண்ணாம்புக் கோட்டின் மேல் அப்படியே உட்கார்ந்தேன். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"பல்லு எங்க உறுத்துதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பேன், பாத்திருக்கல்ல? முழுக்கப் பசை தடவி வெச்சு எடுப்பேன். பசை இருக்கிற எடமெல்லாம் சரி. எந்த எடத்துல பசை இல்லாம வழிச்சுட்டுப் போயிருக்கோ அங்கதான் உறுத்துது." அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். "ஒன் டேப்ப எண்ணுனேன். எஞ்சின்ல ஒம்போது. எறக்கைல பதினஞ்சு. ஈ ஒட்டுனதுக்குக்கூட ஒண்ணு. வாலுல ஒண்ணுமே இல்ல. மெர்வ் பாஸ்கோ ஒரு எடத்துல கொற கண்டுபிடிக்கலன்னா அங்க ஏதோ பெருசா இருக்கு. மூணு நாள் இந்த வாலயே பாத்துட்டு உக்காந்திருந்தேன். அப்பறம் கெல்வினக் கேட்டேன். 'மெர்வ்கிட்ட எறங்குதான்னு கேட்டேன், எறங்குதுன்னான்'னு சொன்னான். ஏறணுமேன்னு அப்பத்தான் ஒறச்சுது."

"அப்ப புதன்கிழம ஒனக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா கேட்ட?"

"தெரிஞ்சதாலதான் கேட்டேன்."

அவள் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் நானும் உயர்த்தியிருப்பேன், எனக்குத் தெரிந்தது அதுதான். நான் சொல்லத்தான் வந்தேன், இதோ எழுதிக்கூட வைத்திருக்கிறேன் என்று கட்டைவிரலை நீட்டினேன். அவள் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"ஒன்ன ஏன் மொதல்ல பாக்கச் சொன்னேன் தெரியுமா? மத்தவங்கல்லாம் எம்மேல பிரியமா இருக்காங்க மெர்வ். பிரியமாப் பாத்தா பழுது கண்ணுக்குத் தெரியாது. நீ ஏழு வருஷமா இத எப்படிப் பாக்குறன்னு எனக்குத் தெரியும். ஒன் கண்ண நம்பித்தான் ஏறலாம்னு இருந்தேன்."

ஏழு வருஷமாக ஒளித்து வைத்திருந்தேன் என்று நினைத்தது அவளுக்கு ஒரு கருவி மாதிரி வெட்ட வெளிச்சமாகக் கிடந்திருக்கிறது. அரம் இருக்கிறது, சின்னக் கண்ணாடி இருக்கிறது, மெர்வின் வயிற்றெரிச்சலும் இருக்கிறது. எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறாள். நான்தான் முனை மழுங்கிவிட்டேன்.

என் கட்டைவிரலிலிருந்து டேப்பை உரித்து எடுத்தாள். பேனா கேட்டாள். கொடுத்தேன். எம்.பி. என்று இருந்ததை அடித்துவிட்டு, ஜி.எம். என்று தன் எழுத்தை எழுதினாள். "கண்டுபிடிச்சவங்க எழுத்துதான் இருக்கணும்" என்றாள். பிறகு குனிந்து, என் சட்டையில், இடது பைக்கு மேல் ஒட்டி, விரலால் ஒரு தடவை அழுத்தித் தேய்த்தாள். அடுத்தவர் வாயில் பல் வைத்து அழுத்துகிற அதே அழுத்தம்.

"வழக்கம் ஒனக்குத் தெரியும். சரி பண்ணுனதுக்கு அப்பறம் நீயே பிச்சுக்கோ."

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அதே சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். ஏன் என்று கேட்டால் தெரியாது. வேறு சட்டை போட்டால் அது இன்னும் கேவலம் என்று தோன்றியது. சங்கமே கூடியிருந்தது. ஹெதர் லாமிங்டன் கேக் தட்டோடு நின்றாள். தீயணைப்பு வண்டியில் நான்கு பேர் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். கிளெனிஸ் ஏறி, வாரைக் கட்டி, என் பக்கம் பார்க்காமலே எஞ்சினைக் கிளப்பினாள்.

பாதி ஓடுதளம்கூடப் போகவில்லை, எழும்பிவிட்டது. மூக்கு விறுவிறுவென்று நிமிர்ந்தது. என் இடது கை என்னை அறியாமல் இல்லாத லீவரை முன்னால் தள்ளியது. அங்கே அவளும் தள்ளியிருக்க வேண்டும், ஏனென்றால் மூக்கு மெதுவாகத் தாழ்ந்து, சமமாகி, சிவப்பு இறக்கை வெயிலில் மின்ன, சைலோவுக்கு மேலே வளைந்தது. என் கண்ணில் தண்ணீர் வந்தது. நிம்மதியால் வந்ததா, அது அவ்வளவு அழகாகப் போகிறதே என்று வந்ததா என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை. இரண்டும்தான். அவள் செத்துப்போகவில்லை என்று மனசு கும்பிடுகிறது. அதே நொடியில் அந்த விமானம் என்னுடையதாக இல்லையே என்று வயிறும் எரிகிறது. மனுஷன் இப்படியும் இருப்பான் போல.

நான்கு சுற்று சுற்றிவிட்டு இறங்கினாள். சக்கரம் இரண்டு தடவை எகிறியது. எனக்கு அதில் ஒரு சின்னத் திருப்தி. சொல்லாமல் விட்டால் இத்தனை சொன்னதற்கு அர்த்தமில்லை.

எல்லாரும் ஓடிப் போய் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். ஹெதர் கட்டிக்கொண்டு அழுதாள். நான் ஓரமாக நின்றேன். தலைக்கவசத்தைக் கழற்றிய கிளெனிஸ் கூட்டத்தின் மேலாகப் பார்த்து, "மெர்வ், எடது எறக்க கொஞ்சம் கனமா இழுக்குது. வந்து பாத்துச் சொல்லு" என்றாள். வேறு யாரையும் கூப்பிடவில்லை.

போனேன். இறக்கையை இழுத்துப் பிடிக்கிற கம்பியில் ஒரு சுற்று தளர்வு. இந்தத் தடவை வாயாலேயே சொன்னேன்.

கெல்வின் என் பக்கத்தில் வந்து நின்று, என் சட்டையை முறைத்தான். "என்னடா இது டேப்பு? ஜி.எம்.னு போட்டிருக்கு. கிளெனிஸ் ஒட்டுனதா? ஒங்கிட்ட என்னடா பழுது?"

சின்ன வேலை ஒன்று பாக்கி என்றேன்.

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. அவள் இப்போது அதில் குட்டிக்கரணம் போடுகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மேலே அந்தச் சத்தம் கேட்டால் நான் இன்னமும் வேலையை நிறுத்தி அண்ணாந்து பார்க்கிறேன். என் இறக்கைக்குத் துணி போர்த்தியாகிவிட்டது. ஹெதரைக் கேட்டேன், ஊசி பிடித்தாள். அந்தச் சட்டை கொட்டகையில் என் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. டேப்பின் ஓரம் கொஞ்சம் சுருண்டிருக்கிறது. போகிறபோது வருகிறபோது கட்டைவிரலால் அழுத்தி ஒட்டிவிட்டுப் போகிறேன். இன்னும் பிய்க்கவில்லை.